23 நாள் பேக்கப், ஃபைலுக்கு 20 பைட்

சர்வர் டிஸ்க் போய்விட்டது என்று ஒரு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "பேக்கப் தினமும் ஓடுது சார், ஃபைல் எல்லாம் வரிசையா இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. இருந்தன. ஆனால் கடைசி 23 நாள் ஃபைல்கள் ஒவ்வொன்றும் வெறும் 20 பைட். உள்ளே எதுவுமே வராதபோது ஜிஜிப் என்ற சுருக்கும் கருவி உருவாக்கும் ஃபைலின் அளவு அது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. அதனால் டேட்டாபேஸைப் பிரதியெடுக்கும் டம்ப் கட்டளை தோற்றது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப்பின் கடைசியில் இருந்த ஜிஜிப் ஒழுங்காக முடிந்ததால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தியும், ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானின் வரியிலேயே டெவ் நல்லுக்கு, அதாவது குப்பைக்கு, போய்க்கொண்டிருந்தது. 23 நாள் பில்களைக் காகிதக் கட்டிலிருந்து எடுத்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள்.

அதன்பின் நான் எழுதும் ஸ்கிரிப்ட் எதுவும் சிஸ்டம் லாகில் ஒரு வரி போடாமல் முடிவதில்லை. முதலில் பாஷ் ஷெல்லில், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்கள். அது இல்லாமல் தோல்வி தெரியவே தெரியாது. பிறகு சிஸ்டம் லாகில் வரி எழுதும் லாகர் கட்டளை. ஸ்கிரிப்டின் பெயரை டேக்காகக் கொடுத்தால் ஜர்னலில் (லினக்ஸின் சிஸ்டம் லாக்) அந்த வரிகளை மட்டும் பிரித்து எடுக்கலாம். சிஸ்லாக் என்ற இந்த லாக் முறையில் 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு; எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். நீங்கள் சொல்லாவிட்டால் லாகர் 5-இல், நோட்டீஸ் என்று போட்டுவிடும். தோல்வியை 3-இல், எரர் என்றே போடுங்கள்.

"பேக்கப் ஃபெயில்டு" என்ற இரண்டு சொல் யாருக்கும் உதவாது. எந்த டேட்டாபேஸ், எக்சிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்) என்ன, ஃபைல் எத்தனை பைட் என்று எழுதுங்கள். ஓடிய கட்டளையை அப்படியே எழுதிவிடாதீர்கள். அதிலிருக்கும் பாஸ்வேர்டும் லாகோடு சேர்ந்து மத்திய லாக் சர்வர் வரை போய்விடும்.

விண்டோஸில் லாக் எழுத ஈவென்ட்கிரியேட் கட்டளை இருக்கிறது. அட்மின் உரிமை வேண்டும், நிகழ்வுக்குக் கொடுக்கும் ஐடி 1 முதல் 1000 வரைதான். அதே வேலைக்குப் பவர்ஷெல்லில் ரைட்-ஈவென்ட்லாக் எழுதிப் பழகியவர்கள் கவனியுங்கள், பவர்ஷெல் 7-இல் அது கிடையாது.

வெற்றியையும் கட்டாயம் எழுதுங்கள். தோல்வியை மட்டும் எழுதினால், கிரானே ஓடாத நாளும் நல்ல நாள் மாதிரிதான் தெரியும். இப்போது அந்த அலுவலகத்தில் காலை 7 மணிக்கு இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட், முந்தைய இரவின் வெற்றி வரியை லாகில் தேடுகிறது. கிடைக்காவிட்டால் தம்பிக்கு எஸ்எம்எஸ் போகும்.