வண்டியில் தூக்கம் வருகிறதா? பிஸ்கட்டை எடுக்காதீர்கள்

"சுகர் இறங்கிடுச்சு போல டாக்டர். வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குது. அதான் எப்பவும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வச்சுக்கிறேன்."

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன வசனம். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் கார் ஓட்டுபவர்கள், சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பி ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு பைக்கில் போகிறவர்கள், விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக முக்கில் நிற்பவர்கள், பீச் ஸ்டேஷன் வரை 60 கிலோமீட்டர் மின்சார ரயிலில் போகிறவர்கள் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இப்போது இதற்கு நேர் எதிராக, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் 'லோ கார்ப்' கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. "நான் லோ கார்ப்ல இருக்கேன், டாக்டர். டிபன் கிடையாது, பாதாம் மட்டும்தான். தூக்கமே வராது."

இந்த இரண்டு கூட்டத்திலும் இருந்து பார்த்த ஒருவர் வந்ததால்தான் இந்தப் பதிவு. வயது நாற்பதுகளில். போக வர நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் தானே கார் ஓட்டுபவர். சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு மாத்திரை எடுக்கிறார். பல வருடமாக, காரில் கண் சொக்கினால் நாலு பிஸ்கட், ஒரு டீ. பிறகு யாரோ சொல்லி லோ கார்ப்புக்கு மாறினார். காலை இட்லி நின்றது, டேஷ்போர்டில் பாதாம் டப்பா ஏறியது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது. ஒருநாள் காலை வண்டலூர் தாண்டும்போது ஏசியிலும் வியர்த்திருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. "தூக்கக் கலக்கம்" என்று நினைத்து இன்னொரு கைப்பிடி பாதாமை வாயில் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். கார் மீடியனில் ஏறி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. ஆம்புலன்ஸில் பார்த்தபோது சுகர் 48.

சுகர் இறங்காத நாளெல்லாம் இறங்கிவிட்டது என்று பிஸ்கட் தின்றார். உண்மையிலேயே இறங்கிய அன்று அது தூக்கம் என்று நினைத்தார். இவரைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் அந்த "சுகர் இறங்கிடுச்சு" கதையைப் பார்த்துவிடலாம். சுகரைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுக்காத ஒருவருக்கு, இரண்டு மணி நேரப் பயணத்தில் சாதாரணமாக சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்காது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுக்க வருகிறீர்களே, அப்போது யாராவது மயங்கி விழுகிறீர்களா? கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. சஷ்டி விரதம் இருப்பவர்களும் நோன்பு வைப்பவர்களும் வேலைக்குப் போய் வருகிறார்கள். அப்படியிருக்க, காலையில் வயிறு நிறைய பொங்கல் சாப்பிட்டுக் கிளம்பிய உங்களுக்கு பெருங்களத்தூர் வருவதற்குள் சுகர் எப்படி இறங்கும்? நம்பாவிட்டால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கண் சொக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். என்னிடம் அப்படிப் பார்த்து வந்து காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அளவு நூறைத் தாண்டித்தான் இருந்தது. சிலருக்கு 200க்கும் மேல். அவர்களுக்கு அசதி வந்ததே சுகர் ஏறியதால்தான். அதன் மேல் பிஸ்கட் வேறு.

"ஆனா டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டா தெளிவாகுதே டாக்டர்!" ஆகும். வண்டியை நிறுத்தினீர்கள், காலை நீட்டி நடந்தீர்கள், காற்று வாங்கினீர்கள், டீ மாஸ்டரிடம் நாலு வார்த்தை பேசினீர்கள், டீயில் கொஞ்சம் கஃபீனும் உள்ளே போனது. தெளிவு அதனால் வந்தது. டீக்கடை டீயில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையும் பிஸ்கட்டின் மைதாவும் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏற முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நீங்கள் மறுபடி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். ஏறியது பிறகு இறங்கும். இறங்கும்போது சோர்வும் பசியும் வரும், அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பீர்கள். அந்த இறக்கம் பெரும்பாலும் ஆபத்தான லோ சுகர் கிடையாது. ஆனால் சாலையில் கவனத்தைக் குலைக்க அது போதும்.

"டைஜஸ்டிவ் தான் டாக்டர்", "மேரி தான்", "ராகி பிஸ்கட்". பாக்கெட்டைத் திருப்பி அந்தக் குட்டி எழுத்தைப் படியுங்கள். மேரி பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஆறு பிஸ்கட் சாப்பிட்டால் ஏறக்குறைய 25 கிராம். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் மாவு மாவுதான். மக்கானா (அல்லி வகை விதையின் பொரி) இப்போது பெரிய மோகம். அதிலும் நூறு கிராமுக்கு 70க்கு மேல். பேரீச்சம்பழமும் கிட்டத்தட்ட அதே கணக்கு. கடலை மிட்டாயில் பாதி வெல்லம். பொட்டுக்கடலையை லோ கார்ப் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஆனால் புரதமும் நார்ச்சத்தும் கூடவே இருப்பதால் பிஸ்கட் போல ஏறாது. ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம், பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.

உண்மையில் கோளாறு தீனியில் இல்லை, கிளம்பும் முன் சாப்பிடுவதில் இருக்கிறது. 2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி இந்தியர்கள் எடுக்கும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நம் காலை டிபனை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் உள்ளே தள்ளிவிட்டு நேராகப் போய் ஏசி காரில் உட்கார்ந்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்? பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் நாளில் இட்லி இரண்டு, அதோடு அவித்த முட்டை இரண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் சாம்பாரைக் கெட்டியாக, பருப்பு நிறையப் போட்டு வையுங்கள். இட்லிக்கு சாம்பார் தொட்டுக்கொள்ளாமல் சாம்பாருக்கு இட்லி தொட்டுக்கொள்ளுங்கள். அடை, பெசரட்டு இன்னும் நல்லது. இதைச் செய்தாலே பாதிப் பேருக்கு வழியில் தீனி தேவைப்படாது.

தேவைப்பட்டால், வறுத்த அல்லது அவித்த வேர்க்கடலைதான் என் முதல் ஓட்டு. பாதாம் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த கடலையில் ஏழு எட்டு கிராம் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து ஐந்து கிராம் சொச்சம்தான். ஆனால் கைப்பிடி என்றால் கைப்பிடி. அதிலேயே 170 கலோரி. 200 கிராம் பாக்கெட்டை ட்ராஃபிக்கில் காலி செய்தால் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும், அப்புறம் "லோ கார்ப் இருந்தும் எடை குறையல" என்று என்னிடம் வந்து நிற்பீர்கள். தேங்காய்ச் சில்லு, பன்னீர்த் துண்டு, வெள்ளரிக்காய், கொஞ்சம் கெட்டியான கொய்யா எல்லாம் சரி. சுண்டல் கொண்டு போகலாம், தேங்காய்த் துருவல் போடாமல்; போட்டால் சீக்கிரம் ஊசிப்போகும். அவித்த முட்டை நல்லதுதான், ஆனால் நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த முட்டையை மத்தியானம் சாப்பிடாதீர்கள். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பத்தியை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் கிடைக்காது என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் போகிற பெண்களின் தலைவலியும் அசதியும் எனக்குத் தெரியும். அந்தப் பழி உங்கள் மேல் இல்லை, சாலை போட்டவர்கள் மேல். ஆனாலும் குடியுங்கள்.

ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ போகிறவர்கள் நிதானமாகச் சாப்பிடலாம். ஓட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் கடலை டப்பா என்று ஓட்டாதீர்கள். புரையேறினால் இருமுவீர்களா, பிரேக் பிடிப்பீர்களா? பைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு சிக்னலில் பிஸ்கட் கடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி மாத்திரை எடுப்பவர்கள் கவனமாகப் படிக்கவும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இவற்றில் எதை எடுத்தாலும், டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. சாப்பாடு குறைந்தால் மருந்தும் குறைய வேண்டும். அந்தக் கணக்கை நீங்களாகப் போடாதீர்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் வேறொரு ஆபத்து: ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். அப்போது சுகர் பெரிதாக ஏறியிருக்காது, அதனால் "சுகர் நார்மல்தானே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ சுகர் பயம் குறைவு.

தூக்கம் வந்தால் கொட்டாவி வரும், இமை கனக்கும். லோ சுகரில் குளிர்ந்த வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். சந்தேகமாக இருந்தால் லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். அப்போது தேவை மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடர், தண்ணீரில் கலக்கி. பாதாம் வேண்டாம், கடலை வேண்டாம், சாக்லெட் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. நன்றாகிவிட்டது என்று தோன்றிய உடனே கிளம்பாதீர்கள். சுகர் 90ஐத் தாண்டி, அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் பொறுங்கள். மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். எவ்வளவு லோ கார்ப் பக்தராக இருந்தாலும், இந்த மருந்துகளை எடுப்பவர் காரில் குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்தும் தூக்கம் வந்தால்? அப்போது அது தூக்கமேதான். ராத்திரி பன்னிரண்டரை வரை போன் பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்து முதல் ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு எந்தத் தீனியும் உதவாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடிவிடும். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே அலாரம் வைத்து இருபது நிமிடம் தூங்குங்கள். கஃபீன் வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால் எழுந்திருக்கும் நேரத்துக்கு அது சரியாக வந்து சேரும். அதற்காக சாயங்காலம் ஆறு மணிக்கு டபுள் ஸ்ட்ராங் அடித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்லக் கூடாது. குடித்ததில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஏழு எட்டு மணி நேரம் தூங்கியும் சிக்னலில் கண் மூடுகிறதா? குறட்டை உண்டா? சட்டைக் காலர் 16 அங்குலத்துக்கு மேலா? பிரஷர் மாத்திரை எடுத்தும் கட்டுப்படவில்லையா? தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருக்கலாம், தூக்க ஆய்வு செய்து பார்க்க வேண்டும். வரும்போது வீட்டுக்காரம்மாவையோ வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். குறட்டை விடுகிறவரிடம் கேட்டால் "நானா? இல்லையே" என்பார். பெண்கள் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12 அளவையும் பாருங்கள். உங்கள் அசதியை பிஸ்கட் கணக்கில் எழுதி வைத்துவிட்டு இதையெல்லாம் பார்க்காமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

ஒன்று விட்டுப்போனது. ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் "ஒரு செட்" வாங்கிப் போடுகிறீர்களே, அதில் குளோர்ஃபெனிரமினோ செட்ரிசினோ இல்லாமல் இருப்பது அபூர்வம். இரண்டுமே தூக்கம் தரும், முந்தின ராத்திரி போட்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் சிலருக்கு இருக்கும். அந்த மாத்திரை போடும் நாட்களில் தயவுசெய்து வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.