சும்மா இருக்கும் சுருள்

பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது, புது பி.எல்.டி.சி. (பிரஷ்லெஸ் டி.சி. மோட்டார்) ஃபேனுக்கு 30 வாட் போதும் என்கிறார்கள். காற்று ஒன்றுதான் என்றால் மிச்சம் 45 வாட் எங்கே போயிற்று என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சூடாகப் போயிற்று. இரவு முழுக்க ஓடிய சாதா ஃபேனை நிறுத்திவிட்டு அதன் நடுக்கூட்டைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

சாதா ஃபேனில் இருப்பது இன்டக்‌ஷன் மோட்டார். நடுவில் அசையாத சுருள்கள் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் வெளிக்கூட்டின் அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, கூடும் காந்தமாகி இறக்கையோடு சுழலும். பள்ளியில் படித்ததுதான். ஆனால் கூடு புலத்தைவிடப் பின்தங்கினால்தான் மின்னோட்டமே தூண்டப்படும். சுருள்கள் 14 காந்தத் துருவங்களாக அமைந்த ஃபேனில் புலம் நிமிடத்துக்கு 428 சுற்று சுற்றும். இறக்கை 350, 380 என்று பின்னால் வரும். அந்த இடைவெளிக்கான ஆற்றல் அலுமினியத்தில் வெப்பமாகிவிடும். செம்புச் சுருளும் இரும்புத் தகடும் சூடாவது தனி.

பி.எல்.டி.சி.யில் கூட்டுக்குள் நிலைக்காந்தங்களையே ஒட்டிவிடுகிறார்கள். காந்தத்தைத் தூண்டி உண்டாக்க வேண்டியதில்லை, அந்தச் செலவு மிச்சம். ஆனால் எந்த நொடியில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது என்று யாராவது முடிவு செய்யவேண்டும். மாட்டுக்கு முன்னால் புல்கட்டை நீட்டியபடி நடப்பது போன்ற வேலை இது. எட்டிவிட்டால் மாடு நின்றுவிடும், ரொம்பத் தள்ளிப்போனாலும் நின்றுவிடும். இந்த வேலையைச் செய்வது ஃபேனுக்குள் இருக்கும் ஒரு சிப். ஆகவே காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்பது சிப்புக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல ஃபேன்களில் காந்தத்தைக் கண்காணிக்கத் தனி உணரியே கிடையாது. மூன்று தொகுதிச் சுருள்களில் எந்நேரமும் இரண்டுக்குத்தான் மின்சாரம். மூன்றாவது சும்மா இருக்கும். சும்மா இருக்கும் சுருளைக் காந்தம் கடந்தால் அதில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டது, வேறொன்றுமில்லை. அந்த அழுத்தம் நேர்குறியிலிருந்து எதிர்குறிக்கு மாறும் கணத்தை சிப் பிடித்துக்கொள்கிறது. காந்தம் எங்கே என்று புரிந்துவிடுகிறது. துளி நேரம் பொறுத்து அடுத்த ஜோடிக்கு மின்சாரத்தை மாற்றுகிறது, இப்போது வேறொரு சுருள் சும்மா இருக்கும். மோட்டார் தன் ஓய்வுச் சுருளாலேயே தன்னைப் பார்த்துக்கொள்கிறது!

நின்றுகொண்டிருக்கும் ஃபேனில் அந்த அழுத்தமே பிறக்காது. அதனால் சுவிட்சைப் போட்டதும் சிப் குருட்டாம்போக்கில் ஒரு சுருளை இயக்கி, காந்தத்தை ஒரு நிலைக்கு இழுத்து, மெல்ல வேகம் கூட்டும். சில ஃபேன்கள் முதலில் லேசாகப் பின்னோக்கி அசைந்துவிட்டுக் கிளம்புவது இதனால்தான். பழுது என்று கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம்.

சரி, கார்பன் கணக்கு. நாளுக்கு 15 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் ஒரு ஃபேனில் சுமார் 200 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக 140 கிலோ. இதை விட்டுவிட்டு, பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டியை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரும் எல்.இ.டி.யும்தான். வீட்டு மீட்டர் அளப்பது உண்மையில் செலவான ஆற்றலை. கெபாசிட்டரால் அது குறையாது. தாயத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விலைதான் தடை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் குடும்பம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இந்த ஃபேனை ஏன் வாங்கப்போகிறது? மிச்சமாகும் பணம் அந்த யூனிட்டுக்கு மானியம் கொடுக்கும் அரசுக்குத்தானே. எல்.இ.டி. பல்பை மத்திய அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 310 ரூபாய் பல்ப் சில வருடங்களில் 40க்கும் கீழே இறங்கியது. ஃபேனுக்கும் அதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வேகத்தை சிப்பே பார்த்துக்கொள்ளும். ரெகுலேட்டர் வழியாக வரும் வெட்டுப்பட்ட மின்சாரம் அதற்கு ஆகாது.