சுடும் பாலைக்கு அருகே உருகாத பனி

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாத வெப்பம் 48 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அங்கிருந்து நேர்க்கோட்டில் 140 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் நிற்கும் விட்னி மலையின் இடுக்குகளில் மட்டும் பனி எப்படி மிஞ்சுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பேட்வாட்டர் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எழுந்த ஐயம் இது. மரணப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 85 மீட்டரில் தொடங்கும் அந்தப் பந்தயம், 217 கிலோமீட்டர் கடந்து, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் விட்னி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் முடிகிறது.

உயரம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கு முழுதாகத் தீராது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விட்னியின் உயரம் 4,421 மீட்டர். ஆகவே பள்ளத்தாக்கின் அடியிலிருந்து உச்சிவரை 29 டிகிரி குறையும். 48-இல் 29 போனால் மீதி 19. பாலைவனக் காற்றில் இந்தக் குறைவு இன்னும் வேகமாக நிகழ்வதால் உச்சி இதைவிடக் குளிர்ந்தே இருக்கும். என்றாலும் கோடைப் பகலில் அங்குள்ள காற்று உறைநிலைக்கு மேலேதான் இருக்கிறது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதும் உண்மையே. ஆனால் பழையதாகித் தூசு படிந்த கோடைப் பனிக்கு அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

உண்மையான காவலன் காற்றின் வறட்சி. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவைப் பதங்கமாக்க, அதாவது நீராகாமல் நேரே ஆவியாக்க, ஏறத்தாழ 2,834 கிலோஜூல் தேவை. எட்டு மடங்குக்கும் மேல்! வறண்ட காற்று பனியின் மேற்பரப்பிலிருந்து ஆவியை இழுத்துச் செல்லும்போது, அதற்கான வெப்பத்தைப் பனியே தர வேண்டியிருக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதே இயற்பியல்தான். விட்னியின் உயரத்தில் காற்று 5 டிகிரியாகவும் அதன் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் இருந்தால், நிழலில் கிடக்கும் பனியின் மேற்பரப்பு உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே நின்றுவிடும். வெயில் தரும் ஆற்றலில் பெரும்பங்கு இந்த விலை உயர்ந்த வழியில் செலவாகிவிடுவதால், இழப்பு மெதுவாகவே நிகழ்கிறது.

உருகுதலுக்கும் பதங்கமாதலுக்கும் இடையிலான இதே போட்டி பனியில் சிற்பமும் செதுக்குகிறது. விட்னி அமைந்துள்ள சியாரா நெவாடா மலைத்தொடரில் கோடையில் நடப்பவர்கள் ‘சன் கப்’ என்று அழைக்கும் குழிகள், பனிவெளி முழுவதும் கிண்ணம் கிண்ணமாக, கூர்மையான விளிம்புகளோடு நெருங்கிக் கிடக்கும். தொடக்கத்தில் இருப்பது ஒரு சிறு பள்ளம் மட்டுமே. அதன் சுவர்களில் பட்டுச் சிதறும் ஒளி மீண்டும் பள்ளத்துக்குள்ளேயே விழுவதால், அடிப்பகுதிக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கிறது. உள்ளே தங்கும் காற்று ஈரம் மிகுந்திருப்பதால், அங்கே பதங்கமாதல் தளர்ந்து உருகுதல் மேலோங்குகிறது. மேலே விளிம்போ வறண்ட காற்றுக்கு நேராக நின்று, பதங்கமாகிக் குளிர்ந்தபடியே இருக்கிறது. ஒரே வெயிலில் அடிப்பகுதி விரைவாகக் கரைய, விளிம்பு நிதானமாகத் தேய்கிறது. பள்ளம் ஆழமாக ஆழமாக இந்த வேறுபாடும் வளர்கிறது. ஈரமான வெப்பக் காற்று மேகமூட்டத்தோடு சில நாள் வீசினால் கதை தலைகீழாகிவிடும்: முனைகள் முதலில் உருகி, பரப்பு மீண்டும் மழுங்கிவிடும். ஆண்டீஸ் மலைகளில் இதே செயல் ஆளுயரத்தையும் மிஞ்சும் பனிக் கத்திகளை உருவாக்குகிறது. 1835-இல் அம்மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், அத்தகைய தூண் ஒன்றின் உச்சியில் உறைந்த குதிரை ஒன்று பின்னங்கால்களை மேலே நீட்டியபடி கிடந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்.

வெயிலின் ஆற்றலை அளக்கவே விட்னி மலைக்கு ஒருவர் போயிருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1881-இல் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி கருவிகளைச் சுமக்கச் செய்து இம்மலைக்கு வந்தார். அவர் கணித்த சூரிய மாறிலி, அதாவது வளிமண்டலத்துக்கு மேலே சூரியனை நோக்கிய ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றல், இன்று நாம் ஏற்கும் சதுர மீட்டருக்கு 1,361 வாட் என்ற மதிப்பைவிட மிக அதிகம். ஆனாலும் அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வீண்செலவு செய்தார்கள் என்று நான் கருதவில்லை. உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்ற இன்றைய நிபந்தனையை அந்தப் பயணம் தாண்டியிருக்காது.

மலையேறுபவர்களுக்கு இந்த நுணுக்கங்கள் உயிரோடு தொடர்புடையவை. மே முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதிவரை ஒரு நாளைக்கு 100 பேருக்கு மட்டுமே, பெரும்பாலும் குலுக்கல் முறையில், ஒருநாள் பயண அனுமதி கிடைக்கும். பனி மிகுந்த ஆண்டின் ஜூனில், ஏறத்தாழ நூறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சரிவு முழுதும் பனிக்கடியில் மறைந்திருக்கும். ஏறுபவர்கள் பனிமேல் நேராகவே ஏறி, இறங்கும்போது உட்கார்ந்தபடி சறுக்கிவந்து பாறைகளில் மோதிக் காயமடைகிறார்கள். காலையில் குழிகளின் விளிம்புகள் கல்லாக இறுகியிருக்கும். பிற்பகலில் அதே இடத்தில் கால் முழங்கால்வரை புதையும். பாறையோரம் இன்னும் ஆபத்தானது. வெயிலில் சூடான கிரானைட் தன்னை ஒட்டிய பனியைக் கீழிருந்து கரைத்து வெற்றிடமாக்கிவிடுவதால், மேலே உறுதியாகத் தெரியும் பரப்பு காலடியில் உடைந்துவிடும்.

மலையின் கிழக்குப் பக்கம் உருகும் நீர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கிருந்து 1913-இல் திறக்கப்பட்ட கால்வாய் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நீர் கொண்டுபோகிறது. அதனால்தான் ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி, பனியில் குழாயைச் செருகி எடுத்து, அதன் எடையிலிருந்து நீரின் அளவைக் கணக்கிடுகிறார்கள். 2015-இல் அந்தக் கணக்கு, மாநிலம் முழுவதற்கும் சேர்த்து, வழக்கத்தின் 5 சதவீதமாகச் சுருங்கியது. ஆனால் குழாயில் எடைபோட்ட பனி முழுவதும் கால்வாய்க்கு வருவதில்லை: உருகும் பங்கு ஓடைக்குப் போகிறது, பதங்கமாகும் பங்கு காற்றோடு போய்விடுகிறது. ஆகவே நீர்வரத்தை முன்கணிப்பவர்கள் பனியின் எடையோடு, வரும் மாதங்களில் வீசப்போகும் காற்றின் வறட்சியையும் மதிப்பிட வேண்டியிருக்கிறது.