பழைய பிளானில் இருப்பது எந்த வருடத்து வடக்கு?

சுரங்க சர்வே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது 1893 ஜனவரி 10-ஆம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வாலில் நடந்த விபத்தைப் பற்றித்தான். சுரங்கத்தின் பெயர் வீல் ஓல்ஸ். தகரமும் செம்பும் எடுத்த இடம். அன்று 19 ஆண்களும் ஒரு சிறுவனும் உள்ளே வெள்ளத்தில் மாட்டி இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கான காரணம் அலுவலக மேசையில் விரித்திருந்த சர்வே பிளானிலேயே, அதாவது சுரங்கத்தின் வரைபடத்திலேயே, இருந்தது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அனைவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கார்ன்வாலின் மேற்குக் கோடியில், செயின்ட் ஜஸ்ட் என்ற ஊரை ஒட்டி, அட்லாண்டிக் கடலை நேராகப் பார்க்கும் செங்குத்துப் பாறைக்கரை இருக்கிறது. கிரானைட்டும் பழைய களிப்பாறையும் சந்திக்கும் அந்த விளிம்பில் தாது ரேகைகள் கடலுக்கடியில் இறங்கிப் போகின்றன. ரேகை போன வழியில் ஆட்களும் போனார்கள். 1820-இல் தொடங்கிய லெவன்ட் கம்பெனி முதலில் செம்பு எடுத்தது. பின்னாளில் தகரம்தான் அதற்குச் சோறு போட்டது. அதன் குடைவுகள் கரையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கடியில் நீண்டிருந்தன. பக்கத்து பொட்டாலக் சுரங்கத்தில் கடலுக்குக் கீழே சாய்வாக வெட்டிய குழி அந்தக் காலத்தில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. 1865-இல் பிரிட்டிஷ் இளவரசரும் அவர் மனைவியும் அதில் இறங்கிப் பார்த்தார்கள். புயல் நாட்களில் கடலடியில் பாறாங்கற்கள் உருளும் சத்தம் கீழே வேலை செய்தவர்களின் காதில் விழுந்திருக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தில் யாருக்கும் கடல் மேல்தான் பயம் இருக்கும். வீல் ஓல்ஸில் உயிர் குடித்த தண்ணீர் கடலிலிருந்து வரவில்லை. பக்கத்தில் வீல் ட்ரியா என்ற பழைய சுரங்கம் கைவிடப்பட்டுக் கிடந்தது. பம்பை நிறுத்திய சுரங்கத்தில் தண்ணீர் தானாக ஏறும். வருடக்கணக்கில் அங்கே அப்படித்தான் தேங்கியிருந்தது. வீல் ஓல்ஸின் கார்கோட்னா பகுதியில் வேலை செய்தவர்கள் நடுவே போதுமான பாறை இருக்கிறது என்று நம்பித்தான் வெட்டிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் இருந்த பிளான் அப்படித்தான் காட்டியது. பாறை உடைந்தது. தண்ணீருக்கு முன்னால் நெட்டித் தள்ளப்பட்ட காற்று மெழுகுவத்திகளை அணைத்தது. கும்மிருட்டில் ஏணியைத் தடவிப் பிடித்து ஏறியவர்கள் பிழைத்தார்கள். அந்தத் தண்ணீரை அதன் பிறகு யாரும் இறைக்கவில்லை, சுரங்கம் மறுபடி திறக்கவும் இல்லை. இறந்தவர்களின் உடல்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

பிளான் எங்கே பிசகியது? காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பரீட்சையோடு பலருக்கும் மறந்துபோவது ஒன்று உண்டு: அந்தக் கோணம் வருடத்துக்கு வருடம் மாறும். லண்டனில் 1810-களின் கடைசியில் ஊசி உண்மை வடக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 24 டிகிரி விலகி நின்றது. 1893 வாக்கில் அது 17 டிகிரி அளவுக்குக் குறைந்துவிட்டது. வீல் ட்ரியாவை அளந்த காலத்து ஊசி ஒரு திசையைக் காட்டியது, வீல் ஓல்ஸை அளந்தபோது ஊசி வேறு திசையில் நின்றது. நடுவில் நேர்ந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே இரண்டையும் ஒரே பிளானில் வரைந்துவிட்டார்கள்.

இதில் எவ்வளவு தூரம் பிசகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 200 மீட்டர் நீளக் குடைவு ஒன்றை 5 டிகிரி தப்பாக வரைந்தால், அதன் முனை பிளானில் 17 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். 20 மீட்டர் பாறை பாக்கி இருக்கிறது என்று நினைத்து வெடி வைப்பீர்கள், நிஜத்தில் இருப்பது 3 மீட்டர்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பிளானில் உண்மை வடக்கையோ காந்த வடக்கையோ காட்ட வேண்டும். காந்த வடக்கைக் காட்டினால் அது எந்தத் தேதிக்கு உரியது என்று எழுத வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில், தண்ணீர் இல்லை என்று உறுதி செய்யப்படாத பழைய குடைவுக்கு 60 மீட்டர் நெருங்கிவிட்டால், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மேலே போகக்கூடாது. இந்த விதிகளுக்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் சாஸ்னாலாவில், தண்ணீர் தேங்கிய பழைய பகுதியிலிருந்து வெள்ளம் இறங்கி 370-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

தமிழ்நாட்டில் காந்த ஒதுக்கம் ஓரிரு டிகிரிதான். அதனாலேயே நம் ஆட்கள் அதை மதிப்பதில்லை என்பது என் வருத்தம். இரண்டு பழைய ஷீட்டுகளை அருகருகே வைத்து டிரேஸ் எடுத்து, 'ஜாயின்ட் பிளான்' என்று பெயர் போட்டு நீட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் அம்புக்குறிக்குக் கீழே தேதி இருக்கும், மற்றதில் வெறும் அம்புக்குறி மட்டும். அதை எப்போது, எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. தண்டவாளத்துக்கும் பைப்புக்கும் பக்கத்தில் காம்பஸ் வைத்து எடுத்த அளவாக இருந்தால் ஊசி அங்கேயே இழுபட்டிருக்கும். டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) வாங்கிவிட்டோம் என்பது இதற்குச் சமாதானமாகாது. புது அளவு மில்லிமீட்டருக்குச் சரியாக இருக்கும். அதை ஒட்டவைக்கும் பழைய ஷீட்டின் தவறு அப்படியே தங்கியிருக்கும். ஷீட் சரியாகவே இருந்தாலும் அது கடைசி ஷீட்தானா என்பது அடுத்த கேள்வி. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவெக்ரீக் சுரங்கத்தில், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் கடைசி வெட்டுகள் இல்லாத பிளானை நம்பிப் போய்த் தண்ணீரை உடைத்தார்கள். சிக்கிய 9 பேரையும் மூன்று நாள் கழித்து உயிரோடு மேலே கொண்டுவந்தது பெரும் பாக்கியம்.

ஆகவே பழைய குடைவு பக்கத்தில் இருக்கலாம் என்று தெரிந்தால், பிளான் என்ன தூரம் சொன்னாலும் வெட்டும் முகப்பில் முன்துளை, அதாவது வெட்டுக்கு முன்னால் பாறையைச் சோதிக்கும் நீளத் துளை, போட்டுக்கொண்டேதான் போக வேண்டும். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாகச் சில. துளையின் வாயில் நின்று கவனியுங்கள். பாறையில் இயல்பாகக் கசியும் தண்ணீர் தெளிவாக வரும். தேங்கிய பழைய தண்ணீர் பெரும்பாலும் துருநிறத்தில் வரும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் வந்தால் அது விஷ வாயு, மூக்கை நீட்டிச் சோதிக்காமல் உடனே ஆட்களை வெளியேற்றுங்கள். துளையை அடைக்க மரக்கட்டை ஆப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்டோரில் இருக்கிறது என்ற பேச்சே கூடாது.

இது நம் வீட்டுக் கதையும்தான். கோலார் தங்கவயலை 1880-லிருந்து நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கார்ன்வால் சுரங்கக்காரர்களை அங்கே கொண்டுவந்தது. அவர்களுக்குக் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-இல் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள், இன்று உள்ளே தண்ணீர் நிற்கிறது. என்றாவது அதைச் சுற்றி யாராவது மறுபடி வெட்ட வந்தால் அவர்கள் கையில் இருக்கப்போவது அன்றைய பிளான்கள்தான். மூடப்படும் ஒரு சுரங்கத்திலோ குவாரியிலோ நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்றால், கடைசி வெட்டு வரை அளந்து, தேதி போட்டு, ஃபீல்டு புக்கோடு (அளவுகளை எழுதிய குறிப்பேடு) சேர்த்துச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கு முடித்து ஆட்கள் கலைந்த பிறகு இதைச் செய்ய ஒருவரும் இருக்க மாட்டார்கள்.