கிளாமர்னா உண்மையில என்ன அர்த்தம்? தமிழ்ல எப்படிச் சொல்றது?

நம்ம ஊர் ஹீரோயின் ஒருத்தங்க "இனிமே கிளாமரா நடிக்க மாட்டேன்"னு பேட்டி குடுத்தா, டிரெஸ் விஷயம்தான் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். ஆனா இங்கிலீஷ்ல அப்படி இல்ல, கழுத்துலேந்து கால் வரைக்கும் மூடுன கவுன்ல வந்து நின்னாலும் அது கிளாமர்தான்.

இந்த வார்த்தை பொறந்தது கிராமர்லேந்து. ஆமா, ஸ்கூல்ல நம்ம உயிர எடுத்த அதே இலக்கணம்தான்! அந்தக் காலத்து ஐரோப்பாவுல கிராமர்னா லத்தீன் படிப்பு, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு புக்க வச்சு ஏதோ முணுமுணுக்கிறவன் மந்திரவாதியாத்தான் தெரிஞ்சான், அதுல அந்தச் சொல்லுக்கே மந்திரம்னு ஒரு அர்த்தம் ஒட்டிக்கிச்சு. ஸ்காட்லாந்துக்காரங்க வாயில 'ர' போய் 'ல' ஆச்சு. 1700கள்ல அங்க ஒருத்தன் மேல கிளாமர் போடுறதுன்னா இல்லாதத இருக்கிற மாதிரி காட்டுறது, அதாவது நம்ம கண்கட்டு வித்தை. அப்புறம் வால்டர் ஸ்காட் எழுத்து வழியா வெளியூருக்கும் பரவிடுச்சு.

1930கள்ல ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பண்ணதும் அதே வித்தைதான். ஜார்ஜ் ஹரெல்னு ஒரு போட்டோகிராபர், எம்ஜிஎம் ஸ்டூடியோ ஸ்டார்ஸ லைட்டும் நிழலுமா எடுத்துத் தள்ளினாரு, சுருக்கம் கிருக்கம் எல்லாம் நெகட்டிவ்லயே டச்சப்புல காணாமப் போயிடும். நடிகை மார்லீன் டீட்ரிச் முகத்துக்கு நேர் முன்னாடி, கொஞ்சம் உசரத்துலேந்து லைட் அடிப்பாங்க, மூக்குக்குக் கீழ பட்டாம்பூச்சி மாதிரி நிழல் விழும், அந்த செட்டப்புக்கு இன்னிக்கும் பட்டர்ஃப்ளை லைட்டிங்னுதான் பேரு.

சரி, தமிழுக்கு வருவோம். எல்லாரும் சொல்றது கவர்ச்சி. கவர்றதுன்னா பறிச்சுக்கிறது, சம்பந்தர் சிவனையே "உள்ளங்கவர் கள்வன்"னு பாடியிருக்காரு, அவ்ளோ நல்ல சொல்லு! அத "கவர்ச்சிப் புயல்", "கவர்ச்சி நடனம்"னு சினிமா பக்கத்துல போட்டுப் போட்டே ஒரு வழி பண்ணிட்டாங்க. பகட்டுன்னா காசு வாசனைதான் தூக்கலா அடிக்குது, மினுக்குன்னா கிண்டல் பண்ற மாதிரி இருக்கு.

என்னக் கேட்டா சொக்குதான் பக்கத்துல வருது. "சொக்குப்பொடி போட்டு மயக்கிட்டா"ன்னு சொல்றோம்ல, அதுல அந்தப் பழைய ஸ்காட்லாந்து மந்திரமும் இருக்கு, அழகும் இருக்கு, மதுரைல சொக்கன்னாலே அழகன்தானே. கிளாமர் லுக்க 'சொக்கும் தோற்றம்'னு எழுதினா சரியா வராது, 'சொக்க வைக்கிற தோற்றம்'னு எழுதணும், ஏன்னா சொக்கிப் போறது பாக்குற நாமதான்.