நாற்காலியில் சிவப்பு நாடா கட்டினால் போதுமா?

"டாக்டர், ஹோட்டல்களில் இந்தப் பாதி இருக்கை விதியை எப்போது எடுப்பார்கள்?" 2021 ஜூலையில் ஒரு செவ்வாயன்று இதைக் கேட்டவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91 சதவீதம்தான். நான் அட்மிஷன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு ஏசி உணவகத்துக்குப் போன எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கொரோனா தொற்று. அந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது குடும்பம் இது.

அந்த ஜூலை 5 முதல் தமிழ்நாட்டு உணவகங்களில் 50 சதவீத இருக்கைகளில் அமர்ந்து சாப்பிட அனுமதி இருந்தது. பார்கள் அப்போது திறக்கவில்லை. இங்கிலாந்தில் ஜூலை 19ஆம் தேதியே இடைவெளி விதியை எடுத்துவிட்டார்களே என்றார்கள். இஸ்ரேல் ஜூன் 15 அன்று உள்ளரங்குகளில் முகக்கவசம் வேண்டாம் என்றது. பத்தே நாளில் மறுபடி போடச் சொன்னது. அதையும் பாருங்கள்.

"இடைவெளி விட்டுத்தானே உட்கார்ந்தோம்?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆறடி இடைவெளி என்பது சுவர் அல்ல. பூஜை அறையில் ஏற்றிய ஊதுபத்தி கூடத்தில் மணக்கவில்லையா? மூச்சும் அப்படித்தான் பரவுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் ஏசி காற்றின் போக்கில் இருந்த மூன்று மேசைகளில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. தென்கொரியாவின் ஜியோன்ஜுவில் தொற்று இருந்தவரிடமிருந்து ஆறரை மீட்டர் தள்ளி, ஐந்தே நிமிடம் அதே காற்றில் இருந்தவருக்கும் வந்தது. ஆறரை மீட்டர் என்றால் இருபத்தோரு அடி!

நானே ஓர் உணவகத்துக்குப் பார்சல் வாங்கப் போனேன். ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு நாடா, வாசலில் சானிடைசர், நெற்றியில் காய்ச்சல் கருவி. கண்ணாடிக் கதவு மட்டும் இறுக மூடியிருந்தது. உள்ளே நெய் தோசை வாசம் அப்படியே தேங்கி நின்றது. வாசம் வெளியேற வழியில்லாத அறையில் மூச்சு மட்டும் எப்படி வெளியேறும்? உணவக உரிமையாளர்களே, ஏசியை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறங்கள், எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுங்கள்.

வெளியே சாப்பிட்டே ஆகவேண்டுமென்றால் திறந்தவெளியில் உட்காருங்கள். சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள், அரட்டையை வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு தவணை ஊசி போட்டவர்கள் இரண்டாவதைப் போடாமல் விருந்துக்குக் கிளம்பாதீர்கள். லேசான தொண்டை வலிதானே என்று பாட்டியின் பக்கத்தில் போய் உட்காராதீர்கள், தயவுசெய்து.

சர்வர் வந்து நிற்கும்போது முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் அரை மணி நேரத்தில் போய்விடுவீர்கள். அவர் இரவு கடை மூடும்வரை அதே காற்றில்தான் நிற்கிறார்.