இன்ஸ்டலேஷன்: தமிழ்ல 'நிறுவல்'னு சொல்லலாமே

கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல பசங்க உண்ணிச்செடிக் குச்சிய வளைச்சு ஆளுயரத்துக்கு ஒரு காட்டெருமை செஞ்சு, தேயிலைத் தோட்டத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல போற ஒத்தையடிப் பாதையில வெச்சிருந்தாங்க, பக்கத்துல ஒரு அட்டையில 'இன்ஸ்டலேஷன் ஆர்ட்'னு எழுதியிருந்துச்சு. கொழுந்து பறிச்சுட்டு வந்த ஒரு அக்கா எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு "அப்படின்னா என்ன கண்ணு?"ன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு சட்டுனு "சாயங்காலமானா அது இங்கதான்க்கா வரும், அதான் இங்கயே நிறுத்தி வெச்சிருக்கோம்"னா. அந்த 'நிறுத்தி'லயே நமக்கு வேண்டிய சொல் இருக்கு.

இன்ஸ்டலேஷன் ஆர்ட்னா வைக்கிற இடத்தையும் படைப்போட ஒரு பாகமா ஆக்கிச் செய்யற கலை. முதல்ல இங்கிலீஷ் சொல்லப் பாப்போம். பழைய ஜெர்மானிய மொழிகள்ல 'ஸ்டால்'னா நிக்கிற இடம், கொட்டில். அது லத்தீனுக்குப் போய் சர்ச்சுல ஒருத்தருக்கு உரிய இருக்கைன்னு ஆச்சு, புதுசா பதவிக்கு வர்றவர அந்த இருக்கையில உக்கார வைக்கிறதுதான் 'இன்ஸ்டால்'. நம்ம டீ ஸ்டால்ல இருக்கறதும் இதே ஸ்டால்தான். ஆக சொல்லோட அடியில இருக்கறது இடம். கலையில இந்தப் பேரு நல்லாப் பரவினது 1970கள்ல, அதுக்கு முன்னாடி 1950களோட கடைசியில அமெரிக்காவுல ஆலன் காப்ரோங்கற கலைஞர் இந்த மாதிரி வேலைகள 'என்விரான்மெண்ட்'னு சொல்லிட்டிருந்தார். நம்ம நாட்டுல விவான் சுந்தரம்ங்கற கலைஞர் 1993ல செஞ்ச 'மெமோரியல்' முக்கியமானது, மும்பைக் கலவரத்துல தெருவுல செத்துக் கெடந்த ஒருத்தரோட பத்திரிகை போட்டோவ வெச்சு ஒரு முழு அறையையே நினைவிடமா ஆக்கினார், நாம பேப்பர்ல பாத்துட்டு மடிச்சு வெச்சிடற போட்டோவ அங்க நின்னு பாத்தே ஆகணும்.

தமிழ்ல இதுக்கு நிர்மாணக் கலைன்னும் எழுதறாங்க, காட்சியமைப்புன்னும் எழுதறாங்க. நிர்மாணம்னா கட்டுறது, பாலம் கட்டினாலும் அதேதான், அதனால எனக்கு ஒட்டல. காட்சியமைப்பு நல்ல சொல்லுதான், ஆனா அது குன்னூர் சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சியில பழத்தாலயே செஞ்சு வைக்கிறதுக்குப் பொருந்தும், அதத் தூக்கி ஊட்டியில வெச்சாலும் அழகு கொறையாது. நிறுவல்ல அப்படி இல்ல, எங்க நிக்குதுங்கறது பாதி அர்த்தம். நில், நிறு, நிறுத்து, நிறுவு எல்லாம் ஒரே வேர்லேர்ந்து வர்ற சொல்லுங்க, அதனாலதான் 'நிறுவல்'னு சொன்னதுமே ஒண்ணு ஒரு இடத்துல வந்து நிக்கிறது கேக்குது. செத்த வீரனுக்குக் கல் நடுறத தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்துன்னு ஆறு படியாச் சொல்லுது, கல்லத் தேடுறதுலேர்ந்து வாழ்த்துற வரைக்கும் எல்லாம் அதுல சேர்த்தி. இடமும் கூடி நிக்கிற சனமும் சேர்ந்தாத்தான் அந்தக் கல்லுக்கு அர்த்தம், இந்தப் பழக்கம் நமக்குப் புதுசே இல்ல.

கூடலூர் பக்கம் செய்யற உண்ணிச்செடி யானைகளப் பாருங்க. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி, வெள்ளைக்காரங்க அழகுக்காகக் கொண்டு வந்தது, இன்னிக்கு முதுமலைக் காட்டுல யானை மேயற புல்லயே மூடிடுச்சு. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர்னு இங்க இருக்கற பழங்குடி மக்கள் அத வெட்டி, வெந்நீர்ல வேகவெச்சு, பட்டைய உரிச்சு, குச்சி சூடா இருக்கறப்பவே இரும்புக் கம்பிக் கூட்டு மேல வளைச்சுச் சுத்தறாங்க, ஒவ்வொரு யானையும் காட்டுல நெசமா சுத்தற ஒரு யானையப் பாத்துச் செஞ்சது. 2021ல லண்டன் பூங்காக்கள்ல நின்னுச்சு, 2024ல நூறு யானை அமெரிக்காவுக்குப் போச்சு. லண்டன் புல்வெளியில அது விருந்தாளி. அதே யானை மசினகுடி ரோட்டோரம் நின்னா, இது என் வழி, கொஞ்சம் ஒதுங்குன்னு சொல்ற மாதிரி இருக்கும். செஞ்ச கையும் குச்சியும் ஒண்ணுதான், நிறுவின இடம் வேற.

எழுதறப்ப 'நிறுவல் கலை'ன்னு எழுதுங்க, ஒரு படைப்ப மட்டும் சொல்லணும்னா 'ஒரு நிறுவல்' போதும், 'பசங்க பாதையில ஒரு காட்டெருமைய நிறுவியிருக்காங்க'ன்னு வினையாவும் இயல்பா வருது. 'நிறுவனம்' மட்டும் வேண்டாம், ஆபீஸ்னு நெனச்சுப்பாங்க. ஸ்கூல் டீச்சருங்க யாராச்சும் இதப் படிச்சா, அடுத்த தடவ அட்டை எழுதறப்ப இந்தச் சொல்ல எழுதிப் பாருங்க, அந்தக் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.